இரண்டு பரீட்சை பாக்கி

காலை பத்து மணிக்கு அசினெல்லி கோபுரத்தின் நிழல் எங்கள் கடை வாசலில் விழும். அந்த நிழலில்தான் ஐம்பத்து நான்கு வருடமாகக் கிடந்தேன். பிறந்தது அடுத்த தெரு, வாழ்க்கைப்பட்டது இந்தத் தெரு. ஆனாலும் அந்தக் கோபுரத்தின் முதல் படியில்கூட நான் கால் வைத்திருக்கவில்லை. ஏன் மிரெல்லா என்று யாராவது கேட்டால் முழங்கால் வலி என்பேன். அது பொய். எனக்கு இரண்டு பரீட்சை பாக்கி இருந்தது.

பொலோனியாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பட்டம் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கோபுரத்தில் ஏறியவன் ஆயுசுக்கும் பட்டம் வாங்க மாட்டான். பெரிய சதுக்கத்தை நடுவாகக் கடந்தவனுக்கும் அதே கதிதான். ஓரமாகச் சுற்றித்தான் போக வேண்டும். தொள்ளாயிரம் வருடமாகப் பல்கலைக்கழகம் நடக்கிற ஊர் இது. தடுக்கி விழுந்தால் ஒரு மாணவன் மேல்தான் விழ வேண்டும். அதனால் எங்கள் சதுக்கத்தின் நடுவில் புறாக்களும் வெளியூர்க்காரர்களும் மட்டும் உலாத்துவார்கள். மீதிப் பேர் ஓரத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போவோம்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் லத்தீனும் இடைக்கால வரலாறும் மட்டும் மிச்சம் இருந்தன. அப்போது லோரிஸ் வயிற்றில் வந்தான். பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். பிள்ளை பிறந்தது. பல் முளைத்தது, அம்மை போட்டது, மீசை வந்தது. என் மதிப்பெண் புத்தகம் இழுப்பறையில் மேசை விரிப்புகளுக்கு அடியில் போனது. இனி எழுதப் போவதில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் ஒரு நப்பாசை. அது இருக்கிறவரை கோபுரம் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை என்னையும் மிஞ்சினான். நான்கு வருடப் படிப்பைப் பதினொரு வருடம் படித்தான். தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்? கடைசியில் லிரா ஒழிந்து யூரோ வந்த வருடம், ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மூன்று மணிக்கு அவன் ஆய்வை வாசிக்க நாள் குறித்தார்கள். பொலோனியாவின் நூறு வருட மழையைப் பற்றிய ஆய்வு. அதற்கும் காரணம் உண்டு. எங்களுடையது குடைக் கடை. ஊரில் முப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு நடைபாதைக்கு மேல் கூரை போட்டிருக்கிறான். கொட்டுகிற மழையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தலை நனையாமல் போகலாம். அப்படிப்பட்ட ஊரில் என் மாமனார் குடைக் கடை திறந்தார். அந்த அறிவுதான் வழிவழியாக வருகிறது.

என் கணவன் இவானோ அந்தக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். நல்ல மனுஷன். ஆனால் உயரம் என்றால் உதறல். இரண்டு படி ஏணியில் நின்றாலே கண் சொருகும். அதனால் மேல் அலமாரியில் இருக்கிற குடைகள் எல்லாம் எங்கள் கல்யாணத்தின்போது ஏற்றி வைத்தவை, இன்னும் இறங்கவில்லை.

அந்த ஜூலையில் எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி இருந்தாள். ஹன்னெகே. ஹாலந்துக்காரி, அறுபத்தொரு வயது, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நாலு வாரம் எங்கள் மொழி படிக்க வந்தாள். பள்ளிக்கூடம் அவளை எங்கள் வீட்டு மாடி அறைக்கு அனுப்பியது. வகுப்பு முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவாள். எதைப் பார்த்தாலும் எண்ணுவாள். குன்றின் மேல் இருக்கிற மாதா கோயிலுக்குப் போகும் பாதையில் அறுநூற்று அறுபத்தாறு தூண் வளைவுகள் என்று ஊரே சொல்கிறது. அவள் வெயிலில் நடந்து எண்ணிவிட்டு வந்து, "அறுநூற்று அறுபத்து நான்குதான் உள்ளன. தாங்கள் எப்போது சரிபார்த்தீர்கள்?" என்று இவானோவைக் கேட்டாள். அவள் பேச்சு இப்படித்தான், பாடப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது போல இருக்கும். இவானோ இரண்டு நாள் தூங்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை, காபி மேசையில் ஆரம்பித்தது வினை. லோரிஸ் முகம் சுண்ணாம்பாக வெளுத்து உட்கார்ந்திருந்தான். ஹன்னெகே எழுந்து நின்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"லோரிஸ், இன்று உமக்கு நல்வாழ்த்துகள்! நீர் நிச்சயம் வெற்றி பெறுவீர்!"

லோரிஸ் கையிலிருந்த ரொட்டி காபிக்குள் விழுந்தது. நான் ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். அபசகுனம் கேட்டால் இரும்பைத் தொட வேண்டும். இவானோவும் பாய்ந்து கிடைத்த இரும்பைப் பிடித்தான். அது அடுப்பின் மேல் இருந்தது. அவன் போட்ட அலறலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"ஐயோ, அப்படியெல்லாம் நேரா வாழ்த்தக் கூடாதுங்க!" என்றேன். "'ஓநாய் வாயில விழு'ன்னு சொல்லணும்."

"மகனை ஓநாய்க்குக் கொடுப்பதா?"

"ஆமா. அவன் 'ஓநாய் சாகட்டும்'னு பதில் சொல்லுவான். அப்பதான் நல்லது நடக்கும்."

"இதில் தர்க்கம் எங்கே இருக்கிறது?"

"தர்க்கம் பார்த்தா இந்த ஊர்ல குடைக் கடை வெச்சிருப்போமா?" என்றான் இவானோ, கையைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு.

அடுத்த நாள் அவளுக்கு ரயில். நோட்டில் பார்க்க வேண்டிய இடங்களில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் கோடு அடிக்காமல் இருந்தது: கோபுரம். "மிரெல்லா, தாங்களும் வருகிறீர்களா?" என்றாள். முழங்கால் என்றேன். லோரிஸ் சும்மா இருக்காமல், "முழங்காலா? அம்மாவுக்கு ரெண்டு பரீட்சை பாக்கி" என்று முழுக் கதையையும் ஒப்பித்தான். ஹன்னெகே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கிள்ள வேண்டும் போல இருந்தது.

பன்னிரண்டரை மணிக்குக் கடையில் தொலைபேசி அடித்தது. கோபுரத்தில் சீட்டு விற்கிற எர்மெஸ். முப்பத்தைந்து வயதுத் தாடிக்காரன், சட்டம் படிக்கிறான், இன்னும் படிப்பான்.

"அக்கா, உங்க வீட்டு டச்சுக்காரம்மா மேல மாட்டிக்கிச்சு."

"மாட்டிக்கிச்சுன்னா? கதவு பூட்டிக்கிச்சா?"

"அதெல்லாம் இல்ல. ஏறுறப்ப சிங்கம் மாதிரி ஏறிச்சு. இறங்கப் படியில எட்டிப் பார்த்திருக்கு. மரப்படி இடுக்குல அடிவரைக்கும் தெரியுமாமே? கைப்பிடிக் கம்பியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருச்சு. ஒன்றரை மணி நேரமாச்சு. யார் கைகுடுத்தாலும் வர மாட்டேங்குதாம். உங்க பேரையே சொல்லுதாம்."

ரொட்டிக் கடைப் படிக்கட்டைத் தவிர மேடே இல்லாத தட்டை ஊரிலிருந்து வந்தவளைத் தனியாகக் கோபுரத்துக்கு அனுப்பியது என் புத்தி. கடையை இழுத்துச் சாத்திவிட்டு நானும் இவானோவும் ஓடினோம். சவரம் செய்துகொண்டு புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்த லோரிஸ் வழியில் எதிர்ப்பட்டான். அவனும் ஓடி வந்தான்.

கோபுரத்தடியில் எர்மெஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நீ ஏண்டா மேல போகல?" என்றேன்.

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்குறீங்க? எனக்கு எட்டுப் பரீட்சை பாக்கி. நான் சீட்டு மட்டும்தான் கிழிப்பேன். ஏழு வருஷமா வேலை பாக்குறேன், மேல எப்படி இருக்கும்னு வர்றவங்கள்ட்டதான் கேட்டுக்குவேன்."

"தீயணைப்பு வண்டியக் கூப்பிடலாமா?" என்றான் இவானோ.

"கூப்பிடு. கூட்டம் கூடும், தெரு அடைபடும். உன் பிள்ளையோட வாத்தியார்களும் இங்கயே வந்து வேடிக்கை பார்ப்பாங்க. மூணு மணிக்கு யாருக்குப் பட்டம் குடுப்பாங்க?" என்றேன்.

இவானோ கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். தொண்ணூற்றேழு மீட்டர். பார்த்த மாத்திரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனைக் கணக்கிலிருந்து எடுத்தாகிவிட்டது.

லோரிஸ் கழுத்து டையைக் கழற்றினான். "நான் போறேன்."

"வெச்ச கால எடுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. "பதினோரு வருஷம்டா! இன்னும் ரெண்டரை மணி நேரம்தான். இப்பப் போய்த் தொலைச்சிறாத."

"அப்ப யாரு போறது?"

"நான்."

"நீயா? உனக்கும்தான் ரெண்டு பாக்கி இருக்கு!"

"என்னோடது முப்பத்திரண்டு வருஷமாக் கிடந்து ஊசிப்போச்சு. உன்னோடது இப்பதான் அடுப்புல இருக்கு. எது முக்கியம்?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒவ்வொரு செப்டம்பர்லயும் அந்த இழுப்பறையத் திறந்து பார்ப்ப. மேசை விரிப்ப மடிக்கிற மாதிரி நடிப்ப." அவன் குரல் உடைந்தது. புதுக் கோட்டு போட்ட முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை, நடுத்தெருவில் கண் கலங்கி நின்றான். "போகாதம்மா."

ஒத்துக்கொள்கிறேன். நான் வைத்திருந்தது அந்த ஒரு நப்பாசைதான். அதை என் காலாலேயே மிதித்துப் போடப் போகிறேன் என்று நன்றாகத் தெரிந்தது. அங்கேயே நின்றால் அழுதுவிடுவேன். அதனால் எர்மெஸைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் முதல் படியில் காலை வைத்தேன். இடி விழவில்லை. இரண்டாவது படியிலும் விழவில்லை.

மரப்படிகள் நடுவில் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. நூறாவது படியில் இவானோவைத் திட்டினேன். இருநூறாவது படியில் அவன் அப்பாவைத் திட்டினேன். முந்நூறுக்கு மேல் திட்ட மூச்சில்லை. நானூறாவது படியில் ஒன்று நடந்தது. என்னவென்று சொல்ல? இடுப்பில் கட்டியிருந்த மூட்டையை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. போனது போச்சு! இனி பயப்பட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. சிரிப்பு வந்தது. எதிரே இறங்கிய ஜப்பானியக் குடும்பம் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது, பைத்தியம் என்று நினைத்திருக்கும்.

மேலே போய் வெளியே தலையை நீட்டினேன். அம்மாடி! என் ஊர்! சிவப்புக் கூரைகள், காய்ந்த மிளகாயைப் பரப்பினாற்போல, கண்ணுக்கு எட்டியவரை. அதோ நான் ஞானஸ்நானம் வாங்கிய கோயில். அதோ என்னைப் பாதியில் விட்ட பல்கலைக்கழகம், தீப்பெட்டி அளவில். இதற்குப் போயா இத்தனை வருடம் பயந்தேன்? தலை சுற்றியது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். அந்தக் கோடிக்கு ஓடினேன், இந்தக் கோடிக்கு ஓடினேன். பிறகு எங்கள் வீட்டு மொட்டை மாடி தெரிந்தது. அங்கே கொடியில் இவானோவின் நீல நிற உள்ளாடைகள் நான்கு காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அங்கே உலர்த்தினால் கடவுள் மட்டும்தான் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். முப்பத்திரண்டு வருடமாகக் கடவுளோடு சேர்ந்து உலகமே பார்த்திருக்கிறது! கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

"தாங்கள் என்னைக் காப்பாற்ற வந்தீர்களா, சிரிக்க வந்தீர்களா?"

அப்போதுதான் ஹன்னெகேயின் ஞாபகமே வந்தது. மூலையில் கம்பியை இரு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். மூக்கு மட்டும் வெயிலில் சிவந்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டேன். "வாங்க, போலாம்."

"இயலாது." பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "மிரெல்லா, தாங்கள் மேலே வந்துவிட்டீர்கள்! தங்கள் பட்டம்?"

"போயே போச்சு. உங்களாலதான்."

"மன்னிக்கவும்." நடுங்குகிற நிலையிலும் கணக்கு டீச்சர் கணக்கு டீச்சர்தான். "ஆனால் ஒரு வினா. முப்பத்திரண்டு ஆண்டுகள் தாங்கள் இதில் ஏறவில்லை. அதனால் பட்டம் கிடைத்ததா?"

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. நான் பேச்சை மாற்றினேன். "அத விடுங்க. மணி ஒன்றரை. இந்தக் கோபுரத்துக்கு ஐந்நூற்று ரெண்டு படி, இறங்கவே அரை மணி ஆகும்."

"நானூற்றுத் தொண்ணூற்றெட்டு" என்றாள் உடனே.

"ஐந்நூற்று ரெண்டு. நான் எண்ணிட்டுத்தானே வந்தேன்?"

"தவறு. நானும் எண்ணினேன்."

"உங்களுக்கு மயக்கத்துல நாலு விட்டுப்போயிருக்கும். நம்ம மாதாகோயில் வளைவுலகூட ரெண்டு விட்டீங்களே."

அவள் இரண்டு கண்ணையும் திறந்தாள். கம்பியிலிருந்து ஒரு கை விடுபட்டது. "வளைவுகளை நான் சரியாகவே எண்ணினேன்."

"அப்ப இதையும் எண்ணிக் காட்டுங்க. நான் முன்னால இறங்குறேன். நீங்க படியப் பார்த்தபடி பின்பக்கமா வாங்க, ஏணியில இறங்குற மாதிரி. என் தோள் உங்க காலுக்குக் கீழயே இருக்கும். கீழ போய்ச் சேர்ந்ததும் யாரு சரின்னு பார்ப்போம்."

எழுந்தாள். கணக்கைத் தப்பாகச் சொன்னால் சவப்பெட்டியிலிருந்துகூட எழுந்துவிடுவாள் போல. "ஒன்று... இரண்டு..." என்று அவள் எண்ண, நான் நடுநடுவே "பதினேழா? பத்தொன்பதுல்ல?" என்று சீண்ட, அவள் கோபத்தில் பயத்தை மறந்து இறங்கினாள். கடைசிப் படியில் காலை வைத்து, "நானூற்றுத் தொண்ணூற்றெட்டு!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். கீழே நின்ற கூட்டம் கை தட்டியது. எர்மெஸ் ஓடி வந்து, "அக்கா, மேல எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டான். அவன் முகத்தில் இருந்த ஏக்கத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

மூன்று மணிக்கு லோரிஸ் நான்கு வாத்தியார்கள் முன்னால் நின்றான். பதினொரு வருடப் படிப்பு பதினொரு நிமிடத்தில் முடிந்தது. நூறு வருடத்தில் மழை குறைந்துகொண்டே வருகிறது என்று அவன் ஆய்வு சொன்னது. இவானோ தலையில் கை வைத்துக்கொண்டான். வாத்தியார்கள் எழுந்து கைகொடுத்து லோரிஸை, எங்கள் ஊரில் பட்டதாரியை அழைக்கிற வழக்கப்படி, 'டாக்டர்' என்று அழைத்ததும் நான் அழுத அழுகையில் பக்கத்து அறைத் தேர்வை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

வாசலில் கூட்டாளிகள் பாட்டுப் பாடி அவனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். முதல் நாளிலிருந்து குளிர்ப்பெட்டியில் மொர்த்தடெல்லா இறைச்சிக்குப் பக்கத்தில் யாரும் தொடாமல் காத்து வைத்திருந்த இலைக் கிரீடத்தைச் செய்தித்தாளிலிருந்து பிரித்து அவன் தலையில் வைத்தேன். இறைச்சி வாசனை வீசியது. அழகாக இருந்தான். எங்கள் ஊரில் பட்டம் வாங்கியவனுக்கு மட்டும்தான் அந்தக் கிரீடம்.

அவன் அதைத் தலையிலிருந்து எடுத்தான். "இது உனக்குத்தாம்மா" என்று என் தலையில் வைக்க வந்தான்.

நான் இரண்டடி பின்னால் துள்ளினேன். "எடுடா அந்தப் பக்கம்! பரீட்சை எழுதுறதுக்கு முன்னாடியே தலையில வெச்சா அப்புறம் பட்டம் எப்படிடா வாங்கறது?"

பாட்டு நின்றது. லோரிஸ் கிரீடத்தைப் பிடித்தபடியே நின்றான். இவானோ என்னைப் பார்த்தான். நான் சொன்னது என் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. கோபுரம் ஏறி, எல்லாவற்றையும் மேலேயே போட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்திருந்தேன். போட்டுவிட்டு வந்தவள் எதற்காகத் துள்ளினேன்?

"அப்படியானால் தாங்கள் பரீட்சை எழுதப் போகிறீர்கள்" என்றாள் ஹன்னெகே. கேட்கவில்லை, கூட்டல் கழித்தல் போட்டு விடை சொன்னாள்.

மறுநாள் காலை அவளை வழியனுப்பக் கிளம்பினோம். லோரிஸ் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். என் கைப்பையில் மதிப்பெண் புத்தகம் இருந்தது. பாதியில் விட்ட பழைய மாணவர்களுக்கான அலுவலகம் பெரிய சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், ஒரு சந்தில் இருக்கிறது, காலையில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அவளை ரயிலேற்றுவதற்கு முன்னால் அங்கே போய்விட வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள், தானே சாட்சியாக நிற்க வேண்டுமாம்.

சதுக்கம் வந்ததும் லோரிஸ் வழக்கம் போல ஓரமாகத் திரும்பினான்.

"டேய், நீதான் பட்டதாரி ஆயிட்டியே! இனிமே உனக்கென்ன?"

"பழக்கம்மா. எதுக்கு வம்பு?"

நான் ஹன்னெகேயின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் இறங்கினேன். வெயில் பளீரென்று இருந்தது. புறாக்கள் வழிவிட்டன. இத்தனை பெரிய இடம் இத்தனை நாளாக இங்கேயே இருந்திருக்கிறது! நடந்தேன், பிறகு ஓடினேன். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓரத்துக் கூரைக்கடியிலிருந்து லோரிஸ் கத்தினான்: "அம்மா! நடுவுல போகாத! இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு!"

சதுக்கமே திரும்பிப் பார்த்தது.

"தெரியும்டா!" என்று ஓடிக்கொண்டே கத்தினேன். "அதான் குறுக்கே போறேன்! ஆபீஸ மூடிடுவான்!"